இடைவெளியை அளந்து மரத்தை எண்ணுதல்

(திருவையாற்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாட்டும் புலமையும் கேட்டுப் பழகிய ஊரில் மரம் எண்ணும் கணக்கைப் பேச நிற்கிறேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எடுத்துக்கொண்டிருக்கும் காடு இந்த ஊருக்கு உறவில்லாதது என்று சொல்ல முடியாது. ஐயாறு என்று நாம் எண்ணுகிற ஐந்தில் வெண்ணாறும் ஒன்று. அது தென்பெரம்பூர் தாண்டி நீடாமங்கலம் போய் மூணாறு தலைப்பில் மூன்றாகப் பிரிகிறது. வெண்ணாறு தன் பெயரோடு ஒரு பக்கம் போகிறது. கோரையாறும் பாமணியாறும் தெற்கே இறங்கி முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் போய் முடிகின்றன. குறுவைக்கும் சம்பாவுக்கும் பாய்ந்தது போக மிச்சமாகி வடியும் தண்ணீரில் பிழைக்கிற காடு அது.

அந்தக் காட்டில் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை மரம் நிற்கிறது? கேள்வி இவ்வளவுதான். பதில் சொல்வதற்கு உலகம் முழுவதும் கையாளும் ஒரு வழியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அந்த வழியில் மரங்களை எண்ணுவதே கிடையாது. மரத்துக்கு உள்ள தூரத்தை அளக்கிறார்கள், அதிலிருந்து எண்ணிக்கையை வருவிக்கிறார்கள்.

எண்ணிக்கை தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, கடலூர் மாவட்டக் கரையில் மரக்காப்பு இருந்த ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டு டேனியல்சன் குழுவினர் 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நூறு சதுர மீட்டருக்கு முப்பது மரம் வீதம், நூறு மீட்டர் அகலத்துக்கு மரக்காப்பு இருந்தால் அலையின் அழுத்தம் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தணியக்கூடும் என்று கணித மாதிரிகள் காட்டுவதை அவர்கள் அதில் எடுத்துக்காட்டினார்கள். அலையை மரம் எவ்வளவு தடுத்தது என்பதில் அறிஞர்களிடையே பின்னர் வழக்கு எழுந்தது, அது இருக்கட்டும். முப்பது என்ற எண்ணைக் கவனியுங்கள். ஹெக்டேருக்கு 3,000. நம் கரையில் உள்ளது 3,000ஆ, 1,500ஆ என்று தெரியாமல் அந்த வாக்கியத்தை மேடையில் சொல்லிக் கைத்தட்டு வாங்குவதில் பயனில்லை.

இரண்டாவது, நம் எல்லோருக்கும் நினைவில் உள்ள கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அது கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்தன. நிவாரணம் எப்படிக் கணக்கிட்டார்கள்? மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். இந்த 175 எங்கிருந்து வந்தது? தோப்பு தோப்பாக நுழைந்து எண்ணி வந்ததா? இல்லை, இடைவெளியிலிருந்து வந்தது. ஏழரை மீட்டருக்கு ஏழரை மீட்டர் தென்னை வைத்தால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ அவ்வளவுதான் கொள்ளும். இருபத்தைந்து அடி என்று நம் வழக்கில் சொன்னால் ஏக்கருக்கு எழுபது. குழி 144 சதுர அடி, மா 100 குழி என்ற நம் தஞ்சாவூர்க் கணக்கில் மாவுக்கு 23 மரம். இங்கே இருக்கும் எந்த விவசாயியும் இதை மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். ஒரு மரத்துக்கு இடைவெளியின் வர்க்கம் அளவு நிலம். மொத்த நிலத்தை அதனால் வகுத்தால் மரம்.

தோப்பில் இது எளிது, ஏனென்றால் இடைவெளியை நாமே வைத்தோம். யாரும் கயிறு பிடித்து நடாத காட்டில் எந்த இடைவெளியை எடுப்பது? ஒரு மரத்துக்கு அடுத்தது அரை மீட்டரில் நிற்கும், அதற்கடுத்தது ஆறு மீட்டரில் நிற்கும். இதற்கு விடை கண்டது ஒரு தலைமுறை ஆய்வாளர்களின் வேலை.

அதற்கு முன்னால் பழைய வழியைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர் காலத்தில், 1856இல், பெகு நாட்டுத் தேக்குக் காடுகளுக்குக் கண்காணிப்பாளராக வந்தவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். பின்னாளில் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரும் அவரே. பர்மாக் காட்டில் எத்தனை தேக்கு இருக்கிறது என்று அறிய அவர் யானை மேல் ஏறினார். இடக்கையில் சில மூங்கில் குச்சிகள், வலக்கையில் பேனாக்கத்தி. பாதையோரம் தேக்கு தெரியும்போதெல்லாம், அதன் பருமனுக்கு உரிய குச்சியில் ஒரு வெட்டு. பருத்த மரத்துக்கு ஒரு குச்சி, நடுத்தரத்துக்கு ஒன்று, இளமரத்துக்கு ஒன்று. மழையில் ஊறி அழியாத குறிப்பேடு! மாலையில் வெட்டுகளை எண்ணினால் அன்று கடந்த பாதையின் கணக்கு கைக்கு வந்துவிடும். அந்த யானைச் சவாரியிலிருந்துதான் நம் நாட்டு வனக்கணக்கு தொடங்குகிறது என்று சொல்லலாம்.

அந்த வழியில் ஒரு பட்டையை வெட்டிக்கொண்டு அதற்குள் எண்ணுகிறோம். இன்றைக்கும் முதன்மையான வழி அதுதான். பட்டைக்குப் பதில் கட்டம். டேராடூனில் உள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம் நெடுங்காலம் கையாண்ட கட்டம் 0.1 ஹெக்டேர், அதாவது பக்கத்துக்கு 31.62 மீட்டர் உள்ள சதுரம். நெல்லுக்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்கிறார்களே, வயல் மூலையிலிருந்து சமவாய்ப்பு எண் பார்த்து நீளவாக்கில் இவ்வளவு, அகலவாக்கில் இவ்வளவு என்று போய் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுக்கிறார்களே, அதே கொள்கை. உங்கள் காப்பீட்டுத் தொகை அந்த இருபத்தைந்து சதுர மீட்டரில்தான் தொங்குகிறது. இந்தியாவில் அந்த மாதிரி அறுவடையை 1920களில் பீகார், ஒரிசா நெல்வயல்களில் தொடங்கி வைத்தவர் ஹப்பாக் என்ற அதிகாரி.

கட்டம் நேர்மையான கருவி. அதற்குள் இருப்பதை எண்ணினால் போதும், காடு எப்படிப் பரவியிருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. அதன் குறை அதைப் போடுவதில் இருக்கிறது. முத்துப்பேட்டையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டிப் பாருங்கள். முழங்கால் வரை சேறு. வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல் பருமனில் ஆயிரக்கணக்கில் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். செருப்பு இல்லாவிட்டால் பாதம் குத்தும், செருப்பு இருந்தால் சேற்றில் சிக்கிக்கொள்ளும். கயிற்றின் ஒரு மூலையை நிறுத்திவிட்டு மறுமூலைக்குப் போவதற்குள் நடுவில் எங்கோ ஒரு தாழ்ந்த கிளையில் கயிறு மாட்டியிருக்கும். செங்கோணம் பார்த்து நாலு பக்கமும் மூடுவதற்குள் வெள்ளம் ஏறத் தொடங்கிவிடும். விளிம்பில் பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும் மரத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று இரண்டு மாணவர்கள் சண்டை போடுவார்கள். பிச்சாவரத்தில் சுரபுன்னையின் ஊன்றுவேர்களுக்கு இடையே போனால் கயிறே வேண்டாம் என்று தோன்றிவிடும்.

இப்படிப்பட்ட இடத்துக்காகத்தான் தூர முறை. அதன் தோற்றம் சேற்றுக்காட்டில் நடக்கவில்லை, அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்தது. அங்கே 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு நிலத்தை மைல் சதுரங்களாக அளந்து விற்றார்கள். அளக்கப்போன நில அளவையர் சதுரத்தின் மூலையில் ஒரு முளை அடிப்பார். முளை பிடுங்கப்பட்டாலும் இடம் தெரிய வேண்டுமே? எனவே பக்கத்தில் நிற்கும் மரங்களில் வெட்டு அடையாளம் வைத்து, என்ன மரம், என்ன பருமன், முளையிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று ஏட்டில் பதிவார். சாட்சி மரங்கள் என்று அவற்றுக்குப் பெயர். நம் ஊரில் எல்லைத் தகராறுக்குப் பனையைச் சாட்சி சொல்வதில்லையா! காடு அழிந்து வயலான பிறகு, அழியுமுன் அங்கே என்ன இருந்தது என்று அறிய விரும்பிய தாவரவியலாளர்களுக்கு இந்த ஏடுகள் புதையலாயின. ஆனால் ஏட்டில் எண்ணிக்கை இல்லை, தூரம் மட்டுமே உண்டு. தூரத்திலிருந்து எண்ணிக்கையைக் கறக்க முடியுமா?

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிராண்ட் காட்டமும் ஜான் கர்டிஸும் முடியும் என்று காட்டினார்கள். 1956இல் ‘எக்காலஜி’ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவற்றில் ஒன்று. செய்முறை மிக எளிது. காட்டுக்குள் ஒரு கோடு போடுங்கள். கோட்டின் மேல் சில புள்ளிகள். புள்ளியில் ஒரு கழியை ஊன்றி, அதைச் சுற்றியுள்ள நிலத்தைத் திசைகாட்டி பார்த்து நான்கு கூறாக மனத்தால் பிரியுங்கள். ஒவ்வொரு கூறிலும் கழிக்கு மிக அருகில் உள்ள ஒரே ஒரு மரம். அதன் தூரம், இனம், மார்பளவு உயரத்தில் சுற்றளவு. ஒரு புள்ளிக்கு நான்கு மரம். நாற்கூறு முறை என்று இதற்குப் பெயர். பிறகு அடுத்த புள்ளி. கயிறும் வேண்டாம், மூலையும் வேண்டாம், விளிம்புச் சண்டையும் வேண்டாம். கழி பிடிக்க ஒருவர், நாடா பிடிக்க ஒருவர், எழுத ஒருவர்.

கணக்கு இப்படி. எல்லாத் தூரங்களையும் கூட்டிச் சராசரி எடுங்கள். சராசரியின் வர்க்கம் ஒரு மரத்துக்குரிய நிலம். தென்னந்தோப்புக் கணக்கேதான்! விஸ்கான்சின் காட்டுக்கும் பட்டுக்கோட்டைத் தோப்புக்கும் வாய்பாடு ஒன்றாக இருப்பது எனக்கு இன்றும் வியப்பு. மரங்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் சமவாய்ப்பாகச் சிதறியிருந்தால், ஒவ்வொரு கூறிலும் அருகிலுள்ள மரத்தின் சராசரித் தூரம் சரியாக அடர்த்தியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக அமைகிறது. பாய்சான் பரவலைப் படித்த மாணவர்கள் ஒரு பக்கத்தில் இதை நிறுவிவிடலாம்.

எண் போட்டுப் பார்ப்போம். நான் வைத்துக்கொள்ளும் எண்தான். ஒரு புள்ளியில் நான்கு தூரங்கள் 1.4, 2.2, 1.9, 2.5 மீட்டர். சராசரி 2 மீட்டர். மரத்துக்கு 4 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 2,500 மரம். ஒரே புள்ளியை வைத்து யாரும் அடர்த்தி சொல்லக்கூடாது, வழியைக் காட்டத்தான் சொன்னேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சராசரியை எடுத்து வர்க்கம் செய்வது கொஞ்சம் தூக்கிக் காட்டும் என்று கண்டு, பொல்லார்டு என்பவர் 1971இல் வேறு வாய்பாடு தந்தார். ஒவ்வொரு தூரத்தையும் முதலில் வர்க்கம் செய்து பிறகு கூட்டுவது அவர் வழி. அதே நான்கு தூரத்துக்கு அது 2,300க்குச் சற்றுக் குறைவாகத் தரும். புள்ளிகள் கூடக் கூட இரண்டும் நெருங்கி வரும்.

எத்தனை புள்ளி போதும்? மரங்கள் உண்மையிலேயே சமவாய்ப்பாக நின்றால் இருபது புள்ளிக்கு, அதாவது எண்பது மரத்துக்கு, பொல்லார்டு மதிப்பின் திட்டப் பிழை பதினோரு விழுக்காடு. ஐந்து விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் நூறு புள்ளி. பாதியாக்க நான்கு மடங்கு உழைப்பு. மாதிரியெடுப்பில் எங்கும் உள்ள விலை அது. இருபது புள்ளி அளந்துவிட்டு ‘ஹெக்டேருக்கு 2,347 மரம்’ என்று கடைசி இலக்கம் வரை அச்சடிக்கும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். இரண்டாயிரத்துச் சொச்சம் என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது.

தூரம் வர்க்கமாகப் பெருகுவதால் சின்னத் தவறும் பெரிதாகிவிடும். நாடாவை மரத்தின் பட்டை வரை பிடிக்கிறோம், ஆனால் கணக்கு கேட்பது அடிமரத்தின் நடுவை. பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்டலில் ஐந்து சென்டிமீட்டர் குறைகிறது. முன்னே சொன்ன முப்பது மர அடர்த்தியில் சராசரித் தூரமே 1.83 மீட்டர்தான். அதில் ஐந்து சென்டிமீட்டர் விட்டால் அடர்த்தி ஐந்தரை விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடும். இதை யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு தூரத்தோடும் அரை விட்டத்தைக் கூட்டுங்கள். சுற்றளவைத்தான் எழுதியிருக்கிறீர்களே, 6.28ஆல் வகுத்தால் ஆயிற்று.

அலையாத்திக் காட்டுக்கு இந்த முறையைப் பரிந்துரைத்து 1984இல் யுனெஸ்கோ வெளியிட்ட கையேட்டில் சிந்த்ரோனும் ஷேஃபர்-நொவெல்லியும் எழுதினார்கள். அதிலிருந்து உலகின் அலையாத்தி ஆய்வுகளில் நாற்கூறு முறை வழக்கமாகிவிட்டது. சேற்றில் நின்று இதைச் செய்தவர்களுக்குப் புதுப்புதுச் சந்தேகங்கள் வந்தன. வெண்கண்டல் இடுப்புக்குக் கீழேயே மூன்று நான்காகப் பிரிந்து நிற்கிறது. அது ஒரு மரமா, நான்கா? சாய்ந்த மரத்துக்கு வேர் நிற்கும் இடத்தை அளப்பதா, தண்டு போய்ச் சேரும் இடத்தை அளப்பதா? சுரபுன்னைக்கு ஊன்றுவேர் மார்பளவுக்கு மேலே இருந்தால் சுற்றளவு எங்கே எடுப்பது? பெல்ஜியம் நாட்டு தாதூ-கேபாவும் கோயிடமும் 2006இல் இந்தக் குழப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து விதி வகுத்து எழுதினார்கள். கஜா சாய்த்த மரம் படுத்தபடியே தளிர்விட்ட இடங்களில் இந்த விதிகள் இல்லாமல் இரண்டு பேர் அளந்தால் இரண்டு காடு கிடைக்கும்.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய தொல்லை வேறு.

மரங்கள் சமவாய்ப்பாகச் சிதறியிருக்கின்றன என்று தொடக்கத்திலேயே ஊகித்துக்கொண்டோம். அந்த ஊகம் பொய்த்தால் என்ன ஆகும்? மறுபடியும் தென்னந்தோப்புக்கே போவோம். அங்கே உண்மை நமக்குத் தெரியும், ஏக்கருக்கு எழுபது. வரிசைக்கு இணையாக நான்கு கூறு பிரித்து, தோப்பில் கண்டபடி புள்ளிகளை வைத்து நாற்கூறு முறையில் அளந்தால் ஒவ்வொரு கூறிலும் அருகிலுள்ள மரம் அந்தச் சதுரத்தின் மூலை மரம். புள்ளி சதுரத்துக்குள் எங்கும் விழலாம் என்று வைத்துச் சராசரித் தூரம் கணக்கிட்டால் 19 அடி வருகிறது. அதிலிருந்து ஏக்கருக்கு மரம் 119! பொல்லார்டு வாய்பாடோ 133 வரை போகும். நாடாவில் தவறில்லை, கூட்டலில் தவறில்லை. ஒழுங்காக நடப்பட்ட தோப்பில் எந்தப் புள்ளியும் மரத்திலிருந்து வெகுதூரம் போக முடியாது. அதனால் தூரம் குறைகிறது, அடர்த்தி பொய்யாக ஏறுகிறது. அந்தக் கணக்கை வைத்து நிவாரணம் கொடுத்திருந்தால் விவசாயிகளுக்குக் கொண்டாட்டம்தான், அரசுக் கருவூலத்துக்குத் திண்டாட்டம்.

கொத்துக் கொத்தாக நிற்கும் காட்டில் தவறு மறுபக்கம் சாயும். பாதி நிலத்தில் சராசரித் தூரம் 2 மீட்டர், மறுபாதியில் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் ஹெக்டேருக்கு 2,500 மரம், இரண்டாவதில் 625. உண்மைச் சராசரி 1,562. ஆனால் எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாகப் போட்டு அளந்தால் சராசரித் தூரம் 3 மீட்டர், அதிலிருந்து வருவது 1,111. நானூற்றைம்பது மரம் காணாமல் போய்விட்டது. பிழையைத் திருத்த வந்த பொல்லார்டு வாய்பாடு இங்கே இன்னும் கீழே, 1,000க்கு இறக்கிவிடும். வெற்றிடத்தில் விழுந்த புள்ளியின் பெரிய தூரம் வர்க்கமாகி மற்றவற்றை விழுங்கிவிடுவதால் இப்படி ஆகிறது. இடத்தை முன்கூட்டியே இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிட்டிருந்தால் இந்த இழப்பே இல்லை.

இப்போது முத்துப்பேட்டைக்கு வாருங்கள். இந்தக் காட்டின் வரலாறு தெரியாமல் இதை அளக்க முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. தஞ்சை மராட்டியர் காலச் சத்திரங்களின் வருவாய்க்கு உரிய காடாக இது இருந்தது. 1937இல் காப்புக்காடாயிற்று. கூப்பு கூப்பாகப் பிரித்து முறைவைத்து மொட்டையாக வெட்டினார்கள். மலைக்காட்டில் வெட்டிய அடிமரம் துளிர்க்கும். இங்கே நடந்தது வேறு. நிழல் போனதும் வெயில் மண்ணைக் காய்ச்சியது, சேறு வற்றி நிலம் தாம்பாளம் போலக் குழிந்தது, ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியே போக முடியாமல் தேங்கி உப்பேறியது. உப்பு ஏறிய குழியில் விதை விழுந்தும் முளைக்கவில்லை. மீனவரையும் விறகு பொறுக்கியவரையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், வெட்டிய முறையே காட்டைக் கெடுத்தது என்று எடுத்துக்காட்டியது எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1990களில் வனத்துறையோடும் ஊராரோடும் சேர்ந்து, நடுவே பெரிய வாய்க்கால், அதிலிருந்து சாய்வாக இருபுறமும் சிறு வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவில் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டார்கள். வாய்க்கால் சரிவில் வரிசையாகக் கண்டல் நட்டார்கள். காடு திரும்பியது.

ஆகவே இன்று அங்கே மூன்று விதமான நிலம் இருக்கிறது. வாய்க்கால் ஓரத்தில் வரிசையாக நெருங்கி நிற்கும் நட்ட மரங்கள். ஆற்று வாயிலும் ஓடைக் கரையிலும் தானாக வளர்ந்து ஓரளவு சிதறி நிற்கும் பழைய கண்டல். உள்ளே உப்பளம் போன்ற வெளியில் திட்டுத் திட்டாக நிற்கும் குறுமரங்களும் உமிரிப் புதரும். முதலாவதில் தூர முறை கூட்டிச் சொல்லும், மூன்றாவதில் குறைத்துச் சொல்லும், நடுவில் உள்ளதில் மட்டும் ஏறத்தாழச் சரியாகச் சொல்லும். மூன்றையும் கலந்து ஒரே எண் கொடுத்தால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தின்று, பார்ப்பதற்கு நியாயமான ஓர் எண் வந்து நிற்கலாம். அந்த எண்ணை நம்பாதீர்கள். அடுத்த முறை அளக்கும்போது புள்ளிகள் கொஞ்சம் உள்ளே தள்ளி விழுந்தாலே காடு அழிந்துவிட்டதாகக் கட்டுரை வரும், கொஞ்சம் வாய்க்கால் பக்கம் விழுந்தால் காடு பெருகிவிட்டதாக விழா நடக்கும்.

அங்கே வாய்க்கால் பக்கம் விழுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். படகில் போகிறோம். படகு வாய்க்காலில்தான் போகும். இறங்கி இருபது அடி நடந்தால் சேறு போதும் என்று கால் சொல்கிறது. புள்ளியைக் கால் தேர்ந்தெடுத்தால் கணிதம் எதுவும் காப்பாற்றாது. அறையில் உட்கார்ந்து வரைபடத்தின் மேல் சமவாய்ப்பு எண் போட்டு இடத்தைக் குறித்துக்கொண்டு, செல்பேசியில் அந்த இடத்தைக் காட்டச்சொல்லி, அது எந்தச் சேற்றில் இருந்தாலும் அங்கே போய்க் கழியை ஊன்ற வேண்டும்.

காடு எந்த விதமாகப் பரவியிருக்கிறது என்று அளந்தே தெரிந்துகொள்ளலாம். கிளார்க்கும் எவன்ஸும் 1954இல் ஒரு குறியெண் தந்தார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் அதன் அண்டை மரம் எவ்வளவு தூரம் என்று அளந்து, சமவாய்ப்பாக இருந்தால் எவ்வளவு இருக்குமோ அதனால் வகுப்பது. ஒன்று வந்தால் சமவாய்ப்பு, குறைந்தால் கொத்து, கூடினால் ஒழுங்கு. சதுர நடவுத் தென்னந்தோப்புக்குச் சரியாக 2 வரும். முக்கோண நடவுக்கு 2.15, அதற்கு மேல் போகவே முடியாது. 1973இல் பீசாக்கும் கிளீவ்ஸும் இன்னொரு வழி சொன்னார்கள். புள்ளியிலிருந்து அருகிலுள்ள மரத்துக்கு ஒரு தூரம், பிறகு அந்த மரத்திலிருந்து புள்ளிக்கு எதிர்ப்பக்கமாக அடுத்த மரத்துக்கு ஒரு தூரம். இரண்டையும் ஒப்பிட்டால் கொத்தா ஒழுங்கா என்று தெரிந்துவிடும். கூடுதலாக ஒரு தூரம் எடுக்க ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாத ஆய்வேடுகள் நிறைய உண்டு.

அருகிலுள்ள முதல் மரத்தை விட்டு மூன்றாவது மரத்தை அளப்பதும் பயன் தரும். ஜப்பானின் மொரிசிட்டா 1957இலேயே இதை யோசித்தார். 1994இல் எங்கமனும் கூட்டாளிகளும் இருபத்து நான்கு வாய்பாடுகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது மூன்றாவது மரத்தை எடுப்பவை கொத்துக் காட்டிலும் ஓரளவு நிலையாக நின்றன. ஆனால் சேற்றில் மூன்றாவது மரம் எது என்று கண்டுபிடிப்பதற்குள் கழி சாய்ந்துவிடும். என் கருத்தில் முத்துப்பேட்டைக்கு அது வேண்டாம். நிலத்தை மூன்றாகப் பிரியுங்கள். வாய்க்கால் ஓரத்துக்குக் கட்டம் போடுங்கள். படகிலிருந்து எட்டும் தூரம், கட்டம் போடச் சிரமமில்லை. பழைய கண்டலுக்கு நாற்கூறு முறை. உப்புவெளிக்கு நீண்ட பட்டை, பிராண்டிஸ் யானையில் போனது போல நடந்து எண்ணிவிடலாம், மரமே குறைவு. நாற்கூறு முறையை அங்கே கொண்டுபோனால் பல கூறுகளில் கண்ணுக்கெட்டியவரை மரமே இருக்காது. காலிக் கூறுகளுக்கு வார்டும் பெட்ராங்காவும் 1981இல் ஒரு திருத்த அட்டவணை தந்திருக்கிறார்கள். சில காலி என்றால் அதைக் கையாளலாம். பாதி காலி என்றால் முறையை மாற்றுவதுதான் மரியாதை.

கன்றுகளுக்கும் இந்த முறை கூடாது. ஒரு மீட்டர் சதுரம் வைத்து எண்ணுங்கள்.

வேளாண் பக்கம் இருந்து வந்தவர்கள் ஆற்றங்கரை மரங்களை இப்படி அளக்கலாமா என்று தொடங்குமுன் கேட்டார்கள். கூடாது. கரைமரம், வரப்புப் பனை, சாலைப் புளி எல்லாம் கோட்டில் நிற்பவை. நான்கு கூறில் இரண்டு ஆற்றுக்குள்ளோ வயலுக்குள்ளோ போய்விடும். இந்திய வன அளவாய்வு நிறுவனமும் காட்டுக்கு வெளியே உள்ள மரங்களைத் திரள், வரிசை, சிதறல் என்று மூன்றாகப் பிரித்தே அளந்து வந்திருக்கிறது. கிலோமீட்டருக்கு இத்தனை என்று சொல்லுங்கள், அதுவே சரியான அலகு.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். காவிரிப் படுகையில் யாரும் நடாமல் வளர்ந்த மரத்தோப்பு ஒன்றில் ஓர் ஏக்கர் பாருங்கள். வாழையும் தென்னையும் வேண்டாம். மூங்கில் இருந்தால் புதரை ஒரு மரமாகக் கொள்வதா, கழியைக் கொள்வதா என்று முதலிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். முப்பது சென்டிமீட்டர் சுற்றளவுக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்புக் குறி வைத்து முழுக்க எண்ணிவிடுங்கள். அந்த எண்ணை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். எண்ணாத மாணவர்கள் இருபது புள்ளியில் நாற்கூறு முறை செய்யட்டும். ஒரே மரம் இரண்டு புள்ளிக்கு வராதபடி புள்ளிகளைத் தள்ளி வையுங்கள். அண்டைத் தூரமும் எடுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். வித்தியாசம் இருபது விழுக்காட்டுக்குள் இருந்தால் முத்துப்பேட்டைக்குப் போகத் தயாராகிவிட்டீர்கள். வடகிழக்குப் பருவமழை வடிந்து, தை பிறந்த பிறகு போவது வசதி. வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், படகு ஜாம்பவானோடையில் கிடைக்கும். நாடா எஃகாக வேண்டாம், உப்புநீரில் துருப்பிடித்துவிடும்; கண்ணாடியிழை நாடா வாங்குங்கள்.